விலங்கியல் அடுக்கில் ஒரு புள்ளியியல் புத்தகம்

எம்.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம், பிறகு மகள். அவள் எல்.கே.ஜி. போன வருஷம் நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். வடக்கே ஏதோ ஒரு முகாம். எங்கே என்று அவரும் தெளிவாகச் சொல்வதில்லை, நானும் துருவிக் கேட்பதில்லை. "வீட்டுல சும்மா இருந்து என்ன செய்யப் போற, படி" என்று போனில் சொன்னது அவர்தான். எதை அவர் 'சும்மா' என்று சொன்னார் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் படிக்கும் ஆசை எனக்கும் உண்டு. எம்.ஏ. முடித்து, பி.எட்.டும் முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு முயன்று பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் இருப்பது மகாராஜபுரம். காலையில் அங்கிருந்து ஒரு பஸ் ஏறி வத்திராயிருப்பு வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே இறங்கி, ஓடிப்போய் ராஜபாளையம் பஸ் ஏற வேண்டும். சாயங்காலம் இதே ஓட்டம் தலைகீழாக. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஊர் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். அதற்குள் மகள் பள்ளி வேனில் வந்து இறங்கிவிடுவாள். மாமியார் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போக முடியாமல் அவளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். நான் வந்ததும் அவள் கையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதனாலேயே கல்லூரியில் எங்கே உட்கார்ந்தாலும் பாதி உடம்புதான் உட்கார்ந்திருக்கும். மீதிப் பாதி பஸ் நிலையத்தில் நிற்கும்.

முதல் பருவத்தில் புள்ளியியல் ஒரு பாடம். பாடத்திட்டத்தின் கடைசியில் ஆறேழு புத்தகங்களின் பெயர் போட்டிருந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். நாங்கள் பரீட்சையைத் தமிழில் எழுதலாம், ஆனால் படிப்பதற்குத் தமிழில் எதுவும் கிடையாது. பேராசிரியை நல்லவர், நன்றாக நடத்துவார். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகத்தை அனுப்பிவைத்தார். என் போனில் அதைத் திறந்தால் ஒரு சூத்திரத்தின் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாகத் தெரியும். பஸ்ஸில் நின்றபடி விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "லைப்ரரில பழைய தமிழ்ப் புத்தகம் ஒண்ணு இருக்கணும். நான் சேந்த புதுசுல பாத்திருக்கேன். இப்ப அச்சுல இல்ல. போய்ப் பாருங்க" என்றார்.

இருந்தது. தடியான புத்தகம், முதுகில் சிவப்பு ஸ்டிக்கர். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட வேண்டும். நின்றபடியே புரட்டினேன். திட்ட விலக்கம் என்ற பாடத்தில் ஒரு கணக்கு. ஒரு வகுப்பு மாணவர்களின் எடையை வைத்துப் போட்டிருந்தார்கள். முதல் படி, இரண்டாம் படி என்று ஒன்றையும் விட்டுவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதுபோல எழுதியிருந்தது. வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு ஒன்றும் விளங்காமல் வந்தது, அங்கே அந்த ராக்கின் ஓரத்தில் நின்றபடி விளங்கிவிட்டது. பையை இறக்கி வைக்கக்கூட மறந்திருந்தேன். நூலக உதவியாளர் வந்து, பையை வெளியே வைக்கச் சொல்லி அதட்டிவிட்டுப் போனார்.

அவரை எல்லோரும் லைப்ரரி அக்கா என்போம். நூலகர் ஓய்வுபெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. வணிகவியல் பேராசிரியர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பு. அவர் கையெழுத்துப் போட மட்டும் வருவார். கதவைத் திறப்பது, பூட்டுவது, புத்தகம் எடுப்பது, வைப்பது, மாணவர்களை அதட்டுவது எல்லாம் அந்த அக்காதான். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் ரொம்ப முற்றினால் தெலுங்குக்குப் போய்விடுவார். அப்போது எதிரில் யாரும் நிற்கமாட்டோம்.

மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்குக் கிடைக்கும். தினமும் அந்தப் புத்தகத்தை எடுத்து ஒரு கணக்கு, இரண்டு கணக்கு என்று போட்டுப் பார்ப்பேன். சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றும், எதிரே உட்கார்ந்தால் முள்ளையே பார்க்கத் தோன்றும். அதனால் கடைசியில் ராக்குக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன்.

சில வாரம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் புத்தகம் இடத்தில் இல்லை.

யாரோ எடுத்துப் படிக்கிறார்கள் என்று மேசை மேசையாகப் பார்த்தேன். யாரிடமும் இல்லை. மறுநாளும் இல்லை. அக்காவிடம் கேட்டேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று காட்டுகிறதே என்றார். இடத்தில் இல்லை என்றேன்.

"ரெபரன்ஸ் புத்தகம் வெளிய போகாதும்மா. உள்ளதான் எங்கயாச்சும் கிடக்கும், தேடு" என்றார்.

அந்தத் தேடலில்தான் அந்த நூலகத்தை நான் முழுசாகப் பார்த்தேன். ஒரு பெரிய கூடம், அதற்குப் பின்னால் ராக்குகள். கூடத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. போலீஸ் வேலைக்கும் மற்ற தேர்வுகளுக்கும் படிக்கிற பையன்கள் சொந்தமாக வாங்கிய கைடுகளோடு வந்து மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்திருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள் ஒரு மேசை முழுக்க இருப்பார்கள். நாளிதழில் வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும் தனியாக உருவி வைத்துப் படிப்பவர்கள் உண்டு. கையை மடித்துத் தலைவைத்துத் தூங்குகிறவர்களும் உண்டு. ஆனால் ராக்குகளுக்கு நடுவே ஆள் நடமாட்டமே இருக்காது. நான் ஒவ்வொரு அடுக்காக விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டு போவேன், விரல் நுனி கறுத்துவிடும். ஆங்கிலப் புத்தகங்கள், ஒரே புத்தகத்தில் பத்துப் பதினைந்து பிரதிகள், பிரிக்கப்படாமலே பழசாகிப்போனவை. கம்ப்யூட்டர் பற்றிய பழைய புத்தகங்கள் ஒரு ராக் முழுக்க. இத்தனை புத்தகம் இருக்கிறது, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அது இல்லை என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

கடைசியில் கிடைத்தது. பொருளாதாரத்துக்கு வெகு தூரத்தில், விலங்கியல் அடுக்கில், கீழ்த்தட்டில், மீன் வளர்ப்புப் புத்தகங்களுக்குப் பின்னால் படுக்கவைத்து இருந்தது. தவறி வைத்தது இல்லை, பார்த்தாலே தெரிந்தது. எடுத்துப் படித்துவிட்டு அதன் இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் வந்தால் இடத்தில் இல்லை. நேரே விலங்கியலுக்குப் போனேன். அங்கேயும் இல்லை. பல நாள் கழித்து அகராதிகளுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன்.

யாரோ வேண்டுமென்றே ஒளிக்கிறார்கள். என் வகுப்பில் உள்ள யாரோ. வேறு யாருக்கு அந்தப் புத்தகம் வேண்டும்? வகுப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் மேல்தான் எனக்குச் சந்தேகம். கணக்கு முழுசாகச் சரியாகப் போடுவது அவள்தான். ஒருநாள் இடைவேளையில் அவளைப் பிடித்து, அந்தப் புத்தகத்தை எங்கே வைக்கிறாய் என்று கேட்டேவிட்டேன். என் குரல் எனக்கே கரடுமுரடாகக் கேட்டது. அவள் முதலில் முழித்தாள். பிறகு சிரித்தாள்.

"அக்கா, நான் டியூசன் போறேன்க்கா. லைப்ரரிக்குள்ள போனதே அட்மிஷன் அன்னைக்குக் கார்டு வாங்கத்தான்" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை என்று உடனே தெரிந்தது. அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரப் பெண்ணுக்கு நூலகம் தேவைப்படவே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒருநாள் மகளுக்குப் பள்ளி விடுமுறை, மாமனார் அவளைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வழக்கத்துக்கு முந்திய பஸ்ஸில் கிளம்பி, நூலகம் திறந்த சிறிது நேரத்தில் உள்ளே போய்விட்டேன். விலங்கியல் ராக்குக்கு அடியில் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தப் புத்தகம்.

எங்கள் வகுப்புதான். கடைசி பெஞ்சு. சோழபுரத்துக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே படித்தான். ஏற்கெனவே ஒருமுறை எம்.ஏ. சேர்ந்து, புள்ளியியலில் தோற்று, பாதியில் நின்று, மறுபடி சேர்ந்திருக்கிறான் என்று யாரோ சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வகுப்பில் பாதி நேரம் அவன் கண் சொருகியிருக்கும். நானும் அவனும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீங்கதான் ஒளிச்சு வைக்கிறதா?" என்று கேட்டேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. "ஒளிக்கலக்கா. எடுத்து வைக்கேன்" என்றான்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவன் விவரமாகச் சொன்னான். ராத்திரி ஷிப்டு முடிந்து மில்லில் இருந்து நேரே இங்கே வருகிறான். வகுப்பு தொடங்கும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கிறது. வகுப்பு முடிந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஷிப்டில் மெஷின் பக்கம் நிற்க முடியாது. அவனுக்குக் காலை மட்டும்தான். ஒருநாள் புத்தகம் இடத்தில் இல்லை என்றால் அன்றைய நாள் போச்சு. முதலில் இரண்டு மூன்று தரம் அப்படித்தான் காணாமல் போயிற்று. யாரோ எடுத்து எங்கேயோ போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இவன் இடம் மாற்றி வைக்க ஆரம்பித்தான். நான் கண்டுபிடித்து இடத்தில் வைக்க வைக்க, யாரோ தன் புத்தகத்தைத் திருடுகிறார்கள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

"ஒரு புத்தகம்தானக்கா இருக்கு. நான் என்ன செய்ய?"

எனக்கு வாதாடத் தோன்றியது, ஆனால் வாதாட ஒன்றுமில்லை. அவனுக்குக் காலை, எனக்கு மதியம். இரண்டு பேருக்கும் மோதலே இல்லை. மீன் வளர்ப்புக்குப் பின்னால் வைத்துவிடுவது, இரண்டு பேரும் அங்கேயே எடுப்பது, அங்கேயே வைப்பது என்று பேசிக்கொண்டோம். அவன் தலையை ஆட்டினான். வகுப்பில் அதற்குப் பிறகும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாள் நிம்மதியாக ஓடியது. மதியம் போய்க் குனிந்து கையை விட்டால் புத்தகம் இருக்கும். நிம்மதி என்று சொல்கிறேன், ஆனால் ஒவ்வொரு தரமும் கை உள்ளே போகும்போது அதே நினைப்புதான், இருக்குமோ இருக்காதோ என்று.

பின்னர் ஒருநாள் மதியம் அவனும் அங்கே நின்றான். அன்று ராத்திரி ஷிப்டு இல்லையாம், தூக்கத்தைத் தள்ளிப்போட்டு வந்திருந்தான். இரண்டு அளவுகளுக்கு உள்ள தொடர்பை எண்ணாகச் சொல்லும் ஒட்டுறவுக் கெழுவில் ஒரு கணக்கு, எப்படிப் போட்டாலும் விடை பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது, ஒன்றை ஒட்டி வர வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது, எங்கே தப்பு என்று கேட்டான். ராக்குக்கு நடுவே நின்று அவன் நோட்டைப் பார்த்தேன். வர்க்கமூலம் எடுக்க மறந்திருந்தான். சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், ராக்கின் முனையில் லைப்ரரி அக்கா நின்றிருந்தார். உடனே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் வெளியே போகும்போது என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தாயி, நான் கொஞ்ச நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். காலைல அவன் அந்த மூலைக்குப் போறான், மத்தியானம் நீ போற. நேத்து ரெண்டு பேரும் நிக்கிய. உன் வீட்டுக்காரர் பட்டாளத்துல இருக்கார்னு சொன்ன. உங்க ஊர்ப் புள்ளைக ரெண்டு மூணு இங்க படிக்குது. எனக்கு வெளக்கம் எதுவும் வேண்டாம், நீ பாத்துக்கோ."

புத்தகத்துக்காகத்தான் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். அந்த நேரத்தில் அதைச் சொன்னால் பொய் மாதிரியே இருக்கும் என்று தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, இளங்கலை படிக்கிறவள், அதே பஸ்ஸில்தான் வருவாள். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது வழக்கமான சிரிப்பா, வேறு சிரிப்பா என்று மகாராஜபுரம் போய்ச் சேரும்வரை யோசித்தேன்.

அதற்குப் பிறகு நூலகத்துக்குப் போவதை நிறுத்தினேன். வகுப்பு முடிந்ததும் நேரே பஸ். சீக்கிரம் வந்துவிட்டேன் என்று மாமியாருக்குச் சந்தோஷம். எனக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி மடித்து வைத்தேன். மகளை ஒன்றுமில்லாததற்கு அதட்டினேன். மானத்துக்குப் பயந்துதான் போகாமல் இருக்கிறேன், ஆனால் இரவும் பகலும் மனசில் ஓடியது அந்தப் புத்தகம்தான். அடுத்த பாடம் காலத்தொடர் வரிசை. அதில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டிருந்தேன். இன்டர்னல் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் கணவர் கூப்பிட்டபோது சொல்லிவிட்டேன். ஊர் வழியாகப் போய்ச் சேருவதற்கு முன்னால் என் வாயால் போகட்டும் என்று நினைத்தேன். புத்தகம், மீன் வளர்ப்பு அடுக்கு, மில் பையன், அந்த அக்கா சொன்னது எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன். அந்தப் புத்தகம் கடைல கிடைக்காதா?" என்று கேட்டார்.

அச்சில் இல்லை என்றேன். மதுரையில் கேட்டால் கிடைக்காதா என்றார். கேட்டுப் பார்த்தாயிற்று என்றேன். "சரி, பாத்து நடந்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த 'பாத்து நடந்துக்கோ'வை அன்று சாயங்காலம் முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். லைப்ரரி அக்காவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். எதைப் பார்த்து நடக்க? நான் யாரையும் பார்க்கப் போகவில்லை. எனக்கு வேண்டியது ஒரு புத்தகம், அது ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு நானா பொறுப்பு? இப்படி யோசித்துக்கொண்டே இருந்ததில் வெட்கம் போய்க் கோபம் வந்துவிட்டது.

மறுநாள் வணிகவியல் துறைக்குப் போய், நூலகப் பொறுப்பில் இருந்த பேராசிரியரைப் பார்த்தேன். தமிழில் அந்தப் பாடத்துக்கு ஒரே பிரதிதான் இருக்கிறது, வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் தமிழில் எழுதுகிறவர்கள், இன்னொரு பிரதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நகலாவது எடுத்து வைக்க வேண்டும் என்றேன். அச்சில் இல்லாததை எங்கே வாங்குவது என்றார். நகல் எடுப்பதற்கு முதல்வரிடம் எழுதிக் கேட்க வேண்டும், அது நடக்க நாளாகும் என்றார். அதுவரையாவது உதவியாளரின் மேசையில் வைத்திருந்து, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"ரெபரன்ஸ் புத்தகத்த மேசைல வச்சா காணாமப் போயிரும்."

"ராக்குல வச்சாலும் காணாமத்தான் சார் போகுது."

"கம்ப்யூட்டர்ல இருக்குன்னு காட்டுதே?" என்றார் அவர்.

அங்கிருந்து நேரே நூலகத்துக்குப் போய், லைப்ரரி அக்காவை வாங்க என்று கூப்பிட்டேன். அவர் பின்னாலேயே வந்தார். விலங்கியல் ராக்குக்கு முன்னால் உட்கார்ந்து, மீன் வளர்ப்புப் புத்தகங்களை எடுத்துத் தரையில் வைத்து, பின்னால் இருந்ததை வெளியே எடுத்துக் காட்டினேன். இதற்குத்தான் அவன் காலையில் வருகிறான், இதற்குத்தான் நான் மதியம் வருகிறேன், வேறு ஒன்றும் கிடையாது என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். கூடத்தில் இரண்டு தலைகள் திரும்பின.

அவர் முகம் மாறும், வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. புத்தகத்தை என் கையில் இருந்து வெடுக்கென்று வாங்கினார்.

"இதத்தான் உங்க கிளாஸ்ல இருந்து நாலஞ்சு பேரு வந்து கேட்டுட்டுப் போனாவ. நான் தேடித் தேடிப் பாத்துட்டு இல்லன்னு அனுப்பினேன். போன வாரம்கூட ஒரு புள்ள அழுவுற மாதிரி போச்சு. நீங்க ரெண்டு பேரும் இங்க பொதச்சு வச்சிருக்கிய!"

பிறகு தெலுங்கில் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, புரியவும் வேண்டியிருக்கவில்லை. நான் கோபத்தோடு வந்தவள், தரையில் கிடந்த மீன் வளர்ப்புப் புத்தகங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். வகுப்பில் நானும் அவனும் மட்டும்தான் அந்தப் புத்தகத்தைத் தேடுகிறோம் என்று நினைத்திருந்தேன். வேறு யாருக்கும் அக்கறை இல்லை என்று எவ்வளவு சுலபமாக முடிவு கட்டியிருந்தேன்.

அக்கா அந்தப் புத்தகத்தைத் தன் மேசையின் இழுப்பறையில் வைத்தார். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. யார் கேட்டாலும் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு கொடுப்பார். காலையில் மில் பையன் வந்தால் மணியடிக்கும்வரை அவனுக்கு. மதியம் மற்றவர்களுக்கு. மற்றவர்கள் என்றால் நான் ஒருத்தி இல்லை. ஆறேழு பேர் வந்துவிட்டோம். ஒரு புத்தகத்தை ஆறேழு பேர் எப்படிப் படிப்பது? நடுவில் விரித்து வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுதினோம். சத்தம் கூடத்துக்குக் கேட்டது. வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள் உஸ் என்றார்கள். பொறுப்புப் பேராசிரியர் ஒருநாள் வந்தபோது பார்த்துவிட்டு, இது நூலகமா சந்தையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அக்கா எங்களைப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் தள்ளினார். பழைய நாளிதழ்களைக் கட்டிக் கட்டி வைத்திருந்த அறை. "செத்த நேரம் இங்க கிடந்து கத்துங்க. எனக்குத் தெரியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நாளிதழ்க் கட்டுகள் மேல் உட்கார்ந்து, அந்தப் புழுக்கத்தில் காலத்தொடர் வரிசையைப் படித்தோம். முதல் மதிப்பெண் வாங்குகிற அந்தப் பெண்ணும் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். டியூசனில் விடை எப்படி வருகிறது என்று சொல்கிறார்கள், ஏன் வருகிறது என்று சொல்வதில்லை என்றாள். அதற்குப் பிறகு தினமும் வந்தாள்.

ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு வந்ததா, வரவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மாமியார் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

பருவத் தேர்வு முடிவு வந்தபோது மில் பையன் தேறியிருந்தான். நான் தோற்றுப்போயிருந்தேன்.

சில மதிப்பெண்களில்தான் தவறியது. மற்ற பாடங்கள் எல்லாம் நல்ல மதிப்பெண், புள்ளியியல் மட்டும் போயிற்று. நூலகத்துக்குப் போகாமல் இருந்த நாட்களில் போட்டுப் பார்க்காமலே விட்ட வேறொரு பாடத்திலிருந்து பெரிய கேள்வி வந்திருந்தது. பரீட்சைக் கூடத்தில் அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தெரிந்த கணக்கும் ஓடவில்லை. கணவரிடம் போனில் சொன்னபோது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

அடுத்த பருவத்தின் நடுவில் கணவர் விடுப்பில் வந்தார். அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டப் போன அன்று, நானும் வாரேன் என்று கூட வந்தார். கல்லூரி அலுவலகத்தில் வேலை முடிந்ததும், அந்தப் புத்தகத்தைப் பார்க்கணும் என்றார். வெளியாட்களை விடுவார்களோ மாட்டார்களோ என்று தயங்கினேன். லைப்ரரி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பட்டாளத்து முடிவெட்டைப் பார்த்ததும் யாரென்று புரிந்திருக்கும். இழுப்பறையைத் திறந்து புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் நின்றபடியே புரட்டினார். அதற்குள் அதன் தையல் விட்டுப்போய், நடுப்பக்கங்கள் தனியாக வந்திருந்தன. தமிழில் எழுதியிருந்த சூத்திரங்களை உதட்டை அசைத்து வாசித்துப் பார்த்தார். பிறகு ராக்குகள் பக்கம் போய் ஒரு முனையில் இருந்து இன்னொரு முனைவரை நடந்துவிட்டு வந்தார். நான் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். விலங்கியல் அடுக்குக்குப் பக்கத்தில் அவர் நின்றாரா, வெறுமனே கடந்து போனாரா என்று என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"இம்புட்டுப் புத்தகம் அடுக்கி வச்சிருக்காவ. இது மட்டும் ஒண்ணா?" என்று கேட்டார், என்னையும் அக்காவையும் பொதுவாகப் பார்த்து.

நகல் எடுக்க எழுதிக் கேட்டிருக்கிறது, வரும் என்றார் அக்கா. கணவர் தலையை ஆட்டினார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, "அந்தப் பையன் பாஸாயிட்டான்ல?" என்றார்.

"ஆமா."

"நீ பெயிலு."

"ஆமா."

அவர் சிரித்தார். பல மாதமாகப் போனில் கேட்காத சிரிப்பு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவனுக்கு நான்தான் வர்க்கமூலத்தைச் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. இடம் பிடிக்கும் அவசரத்தில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. அன்றைக்கு அவருக்கு என்ன தோன்றியது, அதற்கு முன்னால் என்ன தோன்றியிருந்தது என்று அதற்குப் பிறகும் நான் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை எழுதித் தேறிவிட்டேன். எம்.ஏ. முடிந்தது. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பி.எட். இரண்டாம் ஆண்டு. பயிற்சிக்காக ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அந்தப் பள்ளிக் கால அட்டவணையில் வாரம் ஒரு நூலக வகுப்பு இருக்கிறது. புத்தகங்கள் தலைமையாசிரியர் அறையில் இரண்டு அலமாரிகளில் இருக்கின்றன. நூலக வகுப்பில் பெரும்பாலும் கணக்கு நடக்கிறது, பாடம் முடியவில்லை என்கிறார்கள். சாவியைக் கேட்டேன். பயிற்சி ஆசிரியைக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். நாளைக்கு மறுபடி கேட்கப் போகிறேன்.

கல்லூரியில் நகல் எடுக்க அனுமதி வந்ததா என்று சென்ற மாதம் ராஜபாளையம் போனபோது விசாரித்தேன். வரவில்லை. நூலகத்துக்குப் புதிதாக நாற்காலிகள் வந்திருந்தன. புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று தெரியாது என்றார் லைப்ரரி அக்கா. முதலாம் ஆண்டுப் பெண்கள் மூன்று பேர் மேசைக்கு முன்னால் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் என் பழைய நோட்டுகள் இருப்பது அப்போது ஞாபகம் வந்தது. கணக்குகளைப் படிப்படியாக எழுதி வைத்தவை. மறுநாள் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.